ஏறிப் படுக்கறதுக்கு முன்னால கேளுங்க

(பெருந்துறை பக்கம் ஒரு மகளிர் குழு கூட்டத்துல பேசுனது)

எல்லாருத்துக்கும் வணக்கமுங்க. நான் 30 வருசம் நர்ஸா இருந்தவ. கர்ப்பப்பை வாய் கேன்சர் கேம்ப்னா வரிசையா நிக்க வெச்சு, பாரத்துல கையெழுத்து வாங்கி, "ஏறிப் படும்மா"ம்போம், அவ்வளவுதானுங்க. என்ன பண்ணப் போறோம்னு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. ஒருக்கா ஒரு அம்மிணி பாதியில எந்திரிச்சு, சீலைய சுத்திக்கிட்டு அழுதுட்டே போனவ, அப்பறம் அந்தப் பக்கமே வரலீங்க. இன்னைக்கும் எனக்கு அது உறுத்துது.

அன்னைக்கு அவகிட்ட சொல்லியிருக்கோணும். இந்தக் கேன்சர் எச்பிவி-ங்கற வைரசால வர்றது, தாம்பத்தியத்துல தொத்தும், அதுக்காக யாரும் தப்புப் பண்ணுனாங்கன்னு அர்த்தமில்ல, 10ல 9 பேருக்கு ரெண்டு வருசத்துல தானாவே போயிரும், போகாம தங்குனா கேன்சரா மாற பெரும்பாலும் 15, 20 வருசம் ஆகும், அந்த இடைவெளியில கண்டுபுடிக்கத்தான் இந்த டெஸ்ட். வினிகர் மாதிரி அசிட்டிக் ஆசிட்ட பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாயில வெச்சா, மாறுன இடம் ஒரு நிமிசத்துல வெளுத்துக் காட்டும். திண்டுக்கல் மாவட்டத்துல 30,000க்கு மேல பொம்பளைங்களுக்கு இப்படிப் பாத்தாங்க, பாக்காத ஊருகளோட ஒப்பிட்டா இந்தக் கேன்சர் சாவு 35 சதவீதம் கொறஞ்சிருந்துச்சுன்னு 2007ல ஆராய்ச்சி முடிவு வந்துச்சு. அதனால வேண்டாம்னு சொல்ல நான் வரலீங்க, நானே பண்ணிக்கிட்டவதான்.

ஆனா வெளுத்துப் போச்சுன்னா கேன்சர்தான்னு இல்ல, புண்ணு இருந்தாலும் வெளுக்கும். ஒண்ணுமில்லைன்னு வந்தாலும் ஆயுசுக்கும் இல்லைன்னு ஆகாது. ரெண்டையும் முன்னாலயே சொன்னாத்தானுங்க நாம முடிவு பண்ண முடியும். மாதவிலக்கு நின்னதுக்கப்பறம் ரத்தம் பட்டா மட்டும் கேம்புக்கெல்லாம் காத்திருக்காதீங்க, உடனே டாக்டரப் பாருங்க.

இன்னொண்ணு. டெஸ்டுக்குன்னு போன ஒரு அம்மாவுக்கு, மயக்கத்துல இருக்கறப்பவே அவங்க அம்மாகிட்ட கேட்டுப்போட்டு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அந்த வழக்குல 2008ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, டெஸ்டுக்குக் குடுத்த சம்மதம் ஆபரேசனுக்குச் செல்லாது, உசுருக்கு ஆபத்துன்னாத்தான் வேற. பெத்த தாய் சொன்னதே செல்லலீங்க, அப்பறம் ஊட்டுக்காரரு, மாமியாரெல்லாம் எங்க?

நாளான்னைக்கு நம்மூர்ல கேம்ப். என்ன பண்ணுவீங்க, வலிக்குமா, வெளுத்தா அடுத்தது என்ன, கேளுங்க. பொம்பள ஆளுதான் பாக்கோணும்னு சொல்லலாம். இன்னைக்கு வேண்டாம், யோசிச்சுட்டு வர்றேன்னும் சொல்லலாம். இப்பவே ஏதாச்சும் கேக்கோணும்னாலும் கேளுங்க கண்ணுகளா, ஆம்பளைங்க செத்த நேரம் வெளிய இருக்கட்டும்.