மேடைக்குத் தெரியாதது அவைக்குத் தெரியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தளபதி ஒதெல்லோவுக்குக் கீழே பணிபுரிந்துகொண்டே அவனைக் கவிழ்க்கச் சதி செய்பவன் இயாகோ. அந்தக் காட்சியில் நம்மைப் பதறவைப்பது இயாகோவின் சொல்வன்மையா, நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்ட உண்மையா? இதுதான் இன்றைய வழக்கு. சொல்வன்மையே என்று எதிரணி நண்பர் அழகாக வாதிட்டார். இயாகோ பாதியில் நிறுத்துவதையும், ஒதெல்லோவின் கேள்வியையே அவனிடம் திருப்பிக் கேட்பதையும் எடுத்துக்காட்டினார். அந்தச் சொற்களின் நயத்தை நான் மறுக்கவில்லை. அவற்றில் நஞ்சு எப்படி ஏறியது என்றுதான் கேட்கிறேன்.

காட்சியின் தொடக்கத்தைப் பாருங்கள். குடித்துவிட்டுச் சண்டையில் இறங்கித் துணைத்தளபதிப் பதவியை இழந்தவன் காசியோ. தனக்காகப் பரிந்து பேசும்படி தளபதியின் மனைவி டெஸ்டெமோனாவிடம் வேண்டுகிறான். தூரத்தில் ஒதெல்லோ வருவதைக் கண்டதும் வெட்கப்பட்டு நழுவுகிறான். உடனே, ஒதெல்லோவோடு வரும் இயாகோ, ‘ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்கிறான். ‘என்ன சொன்னாய்?’ ‘ஒன்றுமில்லை பிரபு.’

நடுவர் அவர்களே, முதல் இரண்டு அங்கங்களிலும் இயாகோ தனியே நின்று பேசும் பேச்சுகளை வெட்டிவிட்டு இதை நடித்துப் பாருங்கள். தளபதிமேல் அக்கறை கொண்ட ஒரு வீரன் தயங்குவதாகத்தான் தோன்றும். என்ன சேதியோ என்று ஆவல் வரலாம், அடிவயிறு கலங்காது. ஆனால் நாடகாசிரியர் நமக்கு அந்த நிம்மதியைத் தரவில்லை. காசியோ அவளோடு மிஞ்சிப் பழகுகிறான் என்று ஒதெல்லோவின் காதில் ஓதப்போவதை முதல் அங்கத்தின் முடிவிலேயே இயாகோ நம்மிடம் சொல்லிவிட்டான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் திட்டம் இன்னும் நுணுக்கமாகிறது. காசியோ அவளிடம் மன்றாடும் நேரம் பார்த்துக் கணவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துவானாம், அவளுடைய நல்ல குணத்தையே வலையாகப் பின்னுவானாம். அதனால்தான் அந்த ‘ஒன்றுமில்லை’ நமக்குக் கொலைக்கருவியாகக் கேட்கிறது.

இதற்குப் பிறகு டெஸ்டெமோனா கணவனிடம் செல்லமாக வாதாடுகிறாள். செவ்வாய் காலையா, மதியமா, இரவா, புதன் காலையா, மூன்று நாளுக்கு மேல் தள்ளாதீர்கள் என்று காசியோவுக்காக நாள் குறிக்கிறாள். வசனத்தை மட்டும் படித்தால் இது இளந்தம்பதியின் கொஞ்சல். விஷயம் தெரிந்த நமக்கோ அவள் பேசப் பேசத் தொண்டை அடைக்கிறது.

முடிவு தெரிந்துவிட்டால் பதற்றம் குறையாதா என்று எதிரணி கேட்டது. குறையாது. நமக்குத் தெரிந்தது திட்டம், அது பலிக்குமா என்பதல்ல. ஏறக்குறைய 480 அடிகள் ஓடும் இந்தக் காட்சியில் தப்பிக்கும் வழியை மூன்று முறை திறந்து காட்டி மூன்று முறையும் சாத்துகிறார் ஷேக்ஸ்பியர்.

முதலாவது, சந்தேகம் ஏறிய நிலையில் மனைவியைக் கண்டதும் ‘நான் இதை நம்பமாட்டேன்’ என்கிறான் ஒதெல்லோ. அந்த நொடியில் நாம் மூச்சு விடுகிறோம். தலை வலிக்கிறது என்கிறான், அவள் கைக்குட்டையால் நெற்றியைக் கட்ட வருகிறாள், சிறியதாக இருக்கிறது என்று அவன் விலக்க, அது கீழே விழுகிறது. கிடக்கட்டும், வா என்று அவளை உள்ளே அழைத்துப் போகிறான். இரண்டாவது, அதை எடுக்கும் எமிலியா, இயாகோவின் மனைவி, டெஸ்டெமோனாவின் தோழி. கணவன் இதைத் திருடித் தரச்சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறான், எதற்கென்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அவள் எசமானியிடம் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அவளோ கணவனிடம் கொடுக்கிறாள், காசியோவின் கையில் அதைக் கண்டதாகச் சொல்லி இயாகோ அதையே சாட்சியாக்குகிறான். மூன்றாவது, ஒதெல்லோ இயாகோவின்மேலேயே பாய்ந்து, கண்ணால் காணும் சாட்சி கொடு என்று உலுக்கும் கட்டம். பல மேடைகளில் குரல்வளையையே பிடிப்பார்கள். பொய் உடையப்போகிறது என்று நாம் நிமிர்கிறோம். இயாகோவோ நேர்மையாக இருந்ததற்கு இதுவா கூலி என்று பதவியை விட்டுப் போகப் பார்க்கிறான், ஒதெல்லோ தானாகவே அவனை நிறுத்துகிறான்.

இயக்குநர்கள் இந்தக் காட்சியைக் கெடுப்பதும் இங்கேதான். கைக்குட்டை மேடையின் பின்பக்கம் விழுந்தாலோ, வெளிர்நிறத் தரையில் வெள்ளைத் துணியாகக் கிடந்தாலோ அவை அதைக் கவனிக்காது, பின்வரும் இருநூறு அடிகளும் சப்பென்று போய்விடும். முன்மேடையில், வெளிச்சத்தில் விழ வேண்டும். இருவரும் உள்ளே போனபின் எமிலியா குனிவதற்கு முன் சில நொடி அதைக் கிடக்கவிட வேண்டும். இன்னொரு பிழை, ஒதெல்லோ முதலிலேயே புருவத்தை நெரித்துக்கொண்டு வருவது. நிம்மதியான கணவனாக அவன் நுழையாவிட்டால் சரிவதற்கு உயரமே இருக்காது.

எங்கள் தரப்பின் வலுவான சான்று, ஷேக்ஸ்பியர் மூலக்கதையில் செய்த மாற்றம். 1565இல் இத்தாலியர் சிந்தியோ வெளியிட்ட கதையில், வில்லன் தன் சின்ன மகளை டெஸ்டெமோனாவிடம் கொடுத்து, அவள் குழந்தையைக் கொஞ்சும்போது கைக்குட்டையைக் களவாடுகிறான். அவன் மனைவிக்கும் சதி தெரியும், பயத்தால் வாயைத் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியர் களவை எடுத்துவிட்டு, கணவனின் தலைவலிக்கு மருந்தாக நீட்டிய துணியே தவறி விழும்படி வைத்தார். எமிலியாவின் கண்ணையும் கட்டினார். ஆக, இயாகோவைத் தவிர முழு உண்மையும் தெரிந்தவர்கள் அவையில் உட்கார்ந்திருக்கும் நாம் மட்டுமே. இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு கைக்குட்டைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று 1693இல் ஆங்கில விமர்சகர் தாமஸ் ரைமர் இந்த நாடகத்தை ஏளனம் செய்தார். அது அற்பத் துணி என்பதால்தான் நாம் துடிக்கிறோம் என்பதை அவர் பார்க்கத் தவறினார். அது எங்கே விழுந்தது, யார் கைக்குப் போனது என்று நமக்குத் தெரியும். கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவோம், ஆனால் கேட்பார் இல்லை.

காட்சியின் முடிவில் இருவரும் மண்டியிடுகிறார்கள். மூன்று நாளுக்குள் காசியோ செத்தான் என்று கேட்க வேண்டும் என்கிறான் ஒதெல்லோ. காசியோவை மன்னிக்க டெஸ்டெமோனா கேட்டதும் அதே மூன்று நாள்தான். இயாகோ பணிவாகச் சொல்கிறான்: ‘என் நண்பன் செத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவளை மட்டும் வாழ விடுங்கள்.’

நடுவர் அவர்களே, அந்தச் சொல்லைத் தனியே எடுத்துப் பாருங்கள், அது ஒரு பெண்ணுக்காக உயிர்ப்பிச்சை கேட்கும் சொல். அதில் அச்சுறுத்தல் இல்லை, வசை இல்லை. அப்படியிருக்க, அதைக் கேட்டதும் நம் குலை நடுங்குவது எதனால்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.