சுத்தம் சோறு போடும்: வியாசர்பாடிக் கூட்டத்தில் பேசியது

தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, மழை தூறியும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலி தந்து உதவிய கேரம் மன்றத்துத் தம்பிகளே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூளையில் உள்ள வேதிப்பொருளை அளக்க உதவும் கார்பன் மின்வாய், அதாவது மின்சாரம் கடத்தும் முனை, பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். கார்பன் எதற்கு, அதை எப்படித் தயார் செய்வது, நம் பிள்ளைகளிடம் அதை எப்படிக் கொண்டுபோவது. மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: சுத்தம் சோறு போடும்.

நம் நரம்பணுக்கள் வேதிப்பொருள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அதில் ஒன்று டோபமின். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவது அது குறைவதால்தான். அதை ஆராய்ந்த சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. சரியான மின்னழுத்தம் கொடுத்தால் ஒவ்வொரு டோபமின் மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களைக் கார்பனிடம் விட்டுவிடும். அந்த மின்னோட்டத்தை அளக்கிறோம். அமெரிக்காவில் ரால்ஃப் ஆடம்ஸ் குழு 1973-லேயே எலியின் மூளையில் இதைச் செய்து பார்த்தது. இன்று 7 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஏழு பங்கு, தடிமனுள்ள கார்பன் இழை போதும். தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு!

சரி, தயார் செய்வதற்கு வருகிறேன். கண்ணாடிக் கார்பன், அதாவது கண்ணாடி போல் கெட்டியான கார்பன், மின்வாயை மெருகேற்றும் அலுமினாப் பொடியில் தேய்க்க வேண்டும். முதலில் 1 மைக்ரான் துகள், பிறகு 0.3, கடைசியில் 0.05. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று நாள் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் டோபமின் கரைசலில் வைத்தால், மின்னோட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் மேடு எழவே இல்லை, கோடு படுத்தே கிடந்தது. கருவியைத் திட்டினேன், கரைசலைக் கொட்டினேன். ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் காசிமேட்டு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் தம்பி, மூணு பொடிக்கும் ஒரே துணியா?" என்றார். ஆமாம் என்றேன். "மிளகா அரைச்ச அம்மியிலயே சந்தனம் அரைப்பியா?"

எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. பெரிய துகள் துணியிலேயே தங்கி, நான் மெருகேற்றிய பரப்பைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. பொடிக்கொரு துணி மாற்றினேன், நடுவில் தூய நீரில் கழுவினேன். அன்று மாலையே மேடு எழுந்தது. சுத்தம் சோறு போடும்!

அந்த அக்கா பள்ளியில் வேதியியல் படிக்கவில்லை. படித்திருந்தால்? அதனால்தான் கேட்கிறேன்: வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் திறந்திருக்கும் ஒரு மாலை ஆய்வகம் வேண்டும். பென்சில் முனைக் கிராஃபைட்டை வைத்தே மின்வாய் செய்யலாம். ஒரு அறை, ஒரு தண்ணீர்க் குழாய், மின்சாரம் போதும். வாரம் இரண்டு மாலை நானே வந்து சொல்லித் தருகிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்களே, அறையை நீங்கள் தர வேண்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.