படுக்கையறையில் ரேடன்: பெக்கரலிலிருந்து சுவாசப்பைக் கணக்குவரை

[திரையில்: வெள்ளவத்தையில் ஒரு நிலத்தள வீட்டுப் படுக்கையறை. யன்னல் பூட்டு. ஏசி ஓடுகிறது.]

குரல்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. ஆகவே தரை வெடிப்பாலும் குழாய் இறங்கும் ஓட்டையாலும் மண்ணிலிருந்து ஏறிவரும் ரேடன் என்ற கதிரியக்க வாயு அங்கேயே தங்கிவிடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. பத்தாம் மாடிக்காரருக்கு இந்தக் கவலை குறைவு.

மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியம், ரேடியம் சிதைந்து ரேடன். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 3.8 நாள். மூச்சில் போன ரேடனில் பெரும்பகுதி சிதையமுதலே வெளியே வந்துவிடும். வில்லங்கம் அதன் பிள்ளைகளால்தான், அதாவது ரேடன் சிதைந்து பிறக்கும் தனிமங்களால். பொலோனியம்-218, பொலோனியம்-214 இரண்டும் திண்மம். தூசியில் ஒட்டிப்போய் மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கிருந்தே அல்ஃபா துணிக்கைகளை விடும். அல்ஃபா இழையத்துக்குள் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குகூடப் போகாது. வெளியே நின்றால் தோலே மறித்துவிடும். மூச்சுக்குழாயின் உட்படை மெல்லியது. புற்று தொடங்கக்கூடிய கலங்கள் அந்த எட்டுக்குள் இருக்கின்றன.

[அண்மைக்காட்சி: உள்ளங்கையில் சின்னப் பிளாஸ்டிக் கூடு]

இது ரேடனை அளக்கும் கூடு. இதற்குள் இருப்பது சிஆர்-39. மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் போடும் அதே பிளாஸ்டிக். அல்ஃபா பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். மூன்று மாதம் கழித்துச் சூடான சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்தால் தடம் குழியாகும், நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்கள். படுக்கும் அறையில் வையுங்கள். குசினி, குளியலறை, யன்னலோரம் வேண்டாம்.

சில நாளில் அளந்து முடிக்கும், ரேடனை உறிஞ்சும் கரிக்குடுவையும் உண்டு. ஆனால் கரி ஈரத்தையும் உறிஞ்சும். கொழும்புக் காற்றுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். சிரட்டைக்கரியை உலகத்துக்கே விற்கிற நாட்டில் நின்று இதைச் சொல்கிறேன்!

[திரையில்: கணக்கு]

கனமீற்றருக்கு 100 பெக்கரல் என்று வந்ததாக வைப்போம். ஒரு பெக்கரல் என்றால் செக்கனுக்கு ஓர் அணுச் சிதைவு. பிள்ளைகள் முழுதாகச் சேர்வதில்லை, அதற்காக 0.4ஆல் பெருக்கு: 40. வருடத்தில் வீட்டுக்குள் 7,000 மணித்தியாலம். சீவெர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. கனமீற்றருக்கு ஒரு பெக்கரலுள்ள காற்றில் ஒரு மணித்தியாலம் இருப்பதற்கு ஐநாவின் கதிர்வீச்சு விஞ்ஞானக் குழு பாவிக்கும் குணகம் 9 நனோசீவெர்ட். எல்லாம் பெருக்கினால் வருடத்துக்கு ஏறக்குறைய 2.5 மில்லிசீவெர்ட். சர்வதேச கதிரியல் பாதுகாப்பு ஆணைக்குழுவின் புதிய குணகத்தைப் போட்டாலோ 4.7. காற்று அதேதான், குணகம்தான் வேறு. ஆகவே யாராவது மில்லிசீவெர்ட்டில் எண் சொன்னால், எந்தக் குணகம் என்று கேளுங்கள். ஒப்பிடப் பெக்கரலே வசதி.

வீட்டுக்குள் இதைத் தாண்டவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கனமீற்றருக்கு 100 பெக்கரல். அது முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது. புகைப்பவருக்கு இதே ரேடனால் வரும் சுவாசப்பைப் புற்று ஆபத்து, புகைக்காதவரைவிட 25 மடங்கு என்கிறது அந்நிறுவனம்.

எண் கூடிவந்தால் வெடிப்புகளை அடையுங்கள், குழாய் ஓரங்களைப் பூசுங்கள், பகலில் யன்னலைத் திறந்து விடுங்கள். பிறகு அதே அறையில், அதே இடத்தில், இன்னொரு மூன்று மாதம் கூட்டை வையுங்கள்.