கடையை மூடினால் தெரு பாதுகாப்பாகிவிடுமா?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோ பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று அரசே ஆணை போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் எங்கள் ஊர் டீக்கடையை ராத்திரி பதினோரு மணிக்கு ரோந்து போலீஸ் வந்து மூடச் சொல்கிறார்கள்?" இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தமிழ்நாடு அரசின் அந்த ஆணை 2019-இல் வந்தது. கடைகளும் நிறுவனங்களும் வருடத்தின் 365 நாளும், இரவு பகல் பார்க்காமல் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2022-இல் அதை நீட்டித்தார்கள். ஆனால் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்குத்தான் அந்த அனுமதி. டீக்கடையில் எத்தனை பேர் இருப்பார்கள்? மாஸ்டர் ஒருவர், கிளாஸ் கழுவ ஒருவர், கல்லாவில் முதலாளி. அவ்வளவுதான். அதனால் சூப்பர் மார்க்கெட்டும் பெரிய ஓட்டலும் அந்த ஆணைக்குள் வருகின்றன, தள்ளுவண்டி இட்லிக் கடை வருவதில்லை.

ஆணையில் இருக்கும் நிபந்தனைகள் எனக்குப் பிடித்தவை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளிடம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை வாங்கலாம். ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வார விடுமுறை உண்டு. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். பெண்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்வதென்றால் அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் முதலாளி பொறுப்பு. வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைக்கு வெளியே இருக்கிற தெருவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தத் தெருவில் இரவு நேரத்தில் யார் நடக்கிறார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நம்முடைய தொழில் வளர்ச்சி பெரிய அளவில் அவர்கள் உழைப்பில் நிற்கிறது. பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யக் கூடாது என்று இருந்த பழைய சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ரத்து செய்துவிட்டது. அப்புறம் ஷிப்டுகள் வந்தன, கம்பெனி பஸ்கள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்குக் குடியிருப்பு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அது நிஜமாகவே பெரிய வேலை. மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எல்லாரும் ஹாஸ்டலில் இருப்பதில்லை. வீட்டிலிருந்து போய் வருகிறவர்களைக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்போது நள்ளிரவு ஆகிவிடும். நர்ஸுகளுக்கும் இதே கதைதான், ஓட்டலில் பாத்திரம் கழுவும் அக்காக்களுக்கும் இதேதான். முனையில் ஒரு டீக்கடை திறந்திருந்து, நாலு பேர் உட்கார்ந்திருந்து, பாய்லரில் ஆவி போய்க்கொண்டிருந்தால் அந்தப் பெண் நடக்கும் நடையே வேறு. தினமும் அவளைப் பார்க்கிற கடைக்காரருக்கு முகம் தெரியும். யாராவது பின்னால் வந்தால் கடைக்குள் போய் நின்றுவிடலாம். அந்தக் கடையைப் பதினோரு மணிக்கு மூட வைத்தால் அவளுக்கு மிஞ்சுவது இருட்டும் நாய்களும்தான்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். இரவு வியாபாரமும் இரவுப் பாதுகாப்பும் ஒரே விஷயம். இரண்டையும் இரண்டு துறைகள் தனித்தனி ஃபைலில் வைத்திருப்பதால் நமக்கு அது தெரியாமல் போகிறது.

போலீஸ் தரப்பில் சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. டாஸ்மாக் கடை இரவு பத்து மணிக்கு மூடுகிறது, குடித்தவர்கள் அப்புறம் திறந்திருக்கிற கடைப் பக்கம் வருவார்கள், தகராறு வரும், இருக்கிற நாலு கான்ஸ்டபிளை வைத்து எங்கே போவது என்பார்கள். நியாயமான கவலை. அதற்காக ஊர் முழுக்க ஷட்டரை இறக்கச் சொல்வது சரியான வழியாக எனக்குப் படவில்லை. குடித்தவர் எப்படியும் தெருவில்தான் இருக்கப் போகிறார், அவரைப் பார்க்கிற கண்கள்தான் இல்லாமல் போகும்.

அதற்காக ஊர் முழுக்கத் திறந்துவிடவும் சொல்லவில்லை. பஸ் நிலையம், அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், கம்பெனி பஸ் நிற்கும் இடம், இவற்றைச் சுற்றியுள்ள தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பத்து பேர் என்ற வரம்பை மாநில அரசு தளர்த்தட்டும். சின்னக் கடை இரவில் திறக்க வேண்டுமானால் பகல் வேலை பார்த்த ஆளையே நிறுத்தி வைக்கக் கூடாது என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது, இதையும் நம்மால் செய்ய முடியும்.

தள்ளுவண்டிக்காரர்களுக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வியாபாரம் என்பதை அந்தக் குழு மூலம் முடிவு செய்யலாம். இரவு விற்பனைக்கு ஒரு தெருவைக் குறித்துவிட்டால், விளக்கு, கழிப்பறை, குப்பை எடுப்பது எல்லாம் அங்கே மாநகராட்சி கவனிக்கலாம். கழிப்பறையை அழுத்திச் சொல்கிறேன். இரவு வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிடுகிறார்கள். இது உடம்பைக் கெடுக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

அப்புறம் பஸ். 2021-இல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணத்தை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. ஆனால் இலவச டிக்கெட் பஸ் ஓடினால்தானே உதவும்? இரவு பத்து மணிக்கு மேல் டவுன் பஸ் குறைந்துபோகிறது. ஷிப்ட் முடியும் நேரத்தைப் பார்த்து நாலு பஸ் விட்டால் போதும்.

மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி என்ற மாலை, இரவுக் கடைத்தெரு வருகிறது. நடுயாமத்தில் மழை கொட்டினாலும் தூங்காமல் கள்ளர்களைத் தேடிப் போகும் ஊர்க்காவலர்களும் அதே பாட்டில் வருகிறார்கள். வியாபாரமும் காவலும் அந்தப் பாட்டில் ஒரே ஊரில் சேர்ந்து நடக்கின்றன.

தண்டனையைக் கூட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. வேண்டியதுதான். ஆனால் தண்டனை குற்றம் நடந்த பிறகு வருவது. அந்தப் பெண் பத்திரமாக வீடு போய்ச் சேர்வது அன்றைக்கு ராத்திரி நடக்க வேண்டியது.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நகரங்களில் வார்டு தோறும் பகுதி சபை நடத்த வேண்டும் என்று 2022-இல் விதி வந்திருக்கிறது, கிராமங்களில் கிராம சபை இருக்கவே இருக்கிறது. கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். போவதற்கு முன்னால் ஒரு நாள் இரவு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பஸ் இறங்கும் இடத்திலிருந்து உங்கள் தெரு வரை நடந்து பாருங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, கடைசி பஸ் எப்போது என்று எழுதுங்கள். கம்பத்தில் நம்பர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.