கூடைக்குள் தீப்பிடித்தால்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் குடும்பங்கள் பல, மலையிறங்கிப் பொள்ளாச்சி வெப்பக்காற்று பலூன் திருவிழாவுக்குப் போகின்றன. நான் தீயணைப்புத் துறையில் இருந்தவன் என்பதால், "பலூன் கூடையில பிள்ளைகளோட ஏறலாமா சார்?" என்று கேட்கிறார்கள். ஏறலாம். ஆனால் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

இருப்பது எரிவாயு சிலிண்டர். வீட்டுச் சிலிண்டரில், திரவத்துக்கு மேலே திரளும் ஆவிதான் அடுப்புக்கு வருகிறது. மார்கழிப் பனியில் திரவம் சரியாக ஆவியாவதில்லை. உதகையில் அடுப்பு மந்தமாக எரிவது அதனால்தான். பலூன் பர்னருக்கு வெறும் ஆவி போதாது. சிலிண்டரின் அடியிலிருந்து திரவ நிலையிலுள்ள புரொப்பேன் எரிவாயுவையே ஹோஸ் வழியாக மேலே ஏற்றி, பர்னரின் சுருள்குழாயில் சூடாக்கி எரிக்கிறார்கள். ஆகவே ஹோஸ் கசிந்தால் வெளியே வருவது திரவம். அது ஆவியாகும்போது சுமார் 270 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது, கூடைக்குள் கால்மாட்டிலேயே தேங்கும். அப்புறம் ஒரு பொறி போதும்.

அதனால் முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுவது. வாயு கசிந்துகொண்டிருக்கும்போது தீயணைப்பானை மட்டும் அடித்தால், சுடர் அணையும், மறுபடி பற்றும். 1783 நவம்பர் 21 அன்று பாரிசில் முதன்முதலாகத் தரையோடு கயிறு கட்டாத பலூனில் பறந்த இருவரும், பலூன் துணியில் பற்றிய பொறிகளை ஈரப் பஞ்சால் ஒற்றி அணைத்துக்கொண்டே போனார்கள். அன்று எரிந்தது வைக்கோல், பஞ்சு போதுமாக இருந்தது.

இரண்டாவது விஷயம் எடை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2013 பிப்ரவரி 26, எகிப்தின் லக்சர். பலூன் தரையிறங்கும் நேரத்தில் எரிவாயு ஹோஸ் கசிந்து தீப்பிடித்தது. பைலட் வெளியே குதித்தார். பலூன் சுமார் 300 மீட்டர் மேலேறி, பிறகு விழுந்தது. இருந்த 21 பேரில் 19 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 21, பிரேசிலின் பிராயா கிராண்டே. அது ஒரு மலையடிவாரச் சுற்றுலா ஊர். கூடைக்குள் தீ. தரைக்கு அருகே வந்ததும் குதிக்கச் சொன்னார்கள். பைலட்டோடு 13 பேர் குதித்துத் தப்பினார்கள். அத்தனை பேரின் எடை ஒரே நேரத்தில் குறைந்ததும் பலூன் மறுபடி எழும்பியது. குதிக்க முடியாமல் போன 8 பேர் இறந்தார்கள்.

குதித்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். நெருப்பு முகத்துக்கு எதிரே இருக்கும்போது யாரும் கணக்குப் போடமாட்டார்கள். அதனால்தான் கணக்கைத் தரையிலேயே போட்டுவிட வேண்டும் என்கிறேன். ஒருவர் இறங்கினால், உள்ளே இருப்பவர்களை பலூன் மேலே தூக்கிப்போகும். தரை தொட்டதும் பலூனின் உச்சியைத் திறந்து வெப்பக்காற்றை வெளியேற்றிவிட்டால் அது எழும்பாது. அதற்கென்று ஒரு கயிறு உண்டு, பெரும்பாலும் சிவப்பு நிறம். ஏறுமுன் பைலட்டிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். உயரத்தில் இருக்கும்போது நீங்கள் அதைத் தொடக்கூடாது. தீயணைப்பான் எங்கே, சிலிண்டர் வால்வு எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அலுத்துக்கொள்ளும் பைலட்டின் கூடையில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

மின்கம்பியும் தீ மூட்டும். 2012-ல் நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் பலூன் மின்கம்பியில் சிக்கித் தீப்பிடித்து 11 பேரும் இறந்தார்கள். கம்பிக்கு மேலே ஏறித் தப்பப் பார்த்தார் பைலட். வேகமாக இறக்கியிருக்க வேண்டும் என்றது விசாரணை. நம் மலையில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கம்பி ஓடுகிறது, கூடை இறங்கச் சமதரை கிடையாது, வெயில் ஏறினால் காற்று திசை மாறுகிறது. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பறக்கலாம் என்று ஏதாவது ரிசார்ட் ஆசை காட்டினால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

உடுப்பையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை பறப்பதால் மலைக்காரர்கள் ஜெர்கினோடு போவார்கள். நைலான் ஜெர்கின் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போடுங்கள், கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள், சால்வையைத் தொங்கவிடாதீர்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் பிடிக்கயிற்றைப் பற்றுங்கள். கூடை சாய்ந்து இழுபட்டாலும், பைலட் சொல்லும்வரை ஒருவரும் வெளியே கால் வைக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.