வேலை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதுமா? வன்னிக் கிராமச் சங்கங்களுக்கான விளக்கம்

[காட்சி: விடியற்காலை, ஏ9 வீதி, பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்கள்]

குரல்: 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில் பல இன்னும் நாட்கூலியில்தான் ஓடுகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளை மாதச் சம்பள வேலைக்கு அனுப்பப் பாடுபடும் சங்கங்களுக்கு இந்த வீடியோ.

கோர்ஸ் தேடப் போகாதீர்கள். முதலில் பத்திரங்கள்.

[காட்சி: மேசையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம்]

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் 'லெட்சுமி', மற்றதில் 'லட்சுமி' என்று இருந்தால் சேரும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கும்போதுதான் மாட்டும். பிறந்து 3 மாதத்துக்குள் பதியாமல் விட்டவருக்குக் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவைக் கேளுங்கள். இது இழுபடும் வேலை. விண்ணப்பத்தை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அடுத்தது தகைமை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் கரண்டி பிடித்துப் பழகிய மேசன்மார் எத்தனையோ பேர். கையில் வேலை இருக்கிறது, கடதாசி இல்லை. அவர்களைத் திரும்ப ஆறு மாதம் வகுப்பில் இருத்துவது வீண். ஏற்கெனவே வேலையில் பழகிய திறமையை மதிப்பிட்டு ஏற்கும் ஆர்.பி.எல். முறையில், செய்த வேலையின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டு, செய்துகாட்டச் சொல்லி, தேறியவருக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்கும். நைற்றா என்ற அரச தொழில் பயிலுநர் பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். படம் எடுக்கும்போது ஆளும் வேலையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். முடிந்த சுவரை மட்டும் எடுத்தால் அது யார் கட்டியது என்று எப்படித் தெரியும்?

[காட்சி: சங்கக் கணக்குப் புத்தகம்]

இனித்தான் பெரிய இடம். வேலையில் சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஏன் நின்றுவிடுகிறார்கள்? 'பொறுப்பில்லாத பொடியள்' என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கைப் பாருங்கள். கூலி வேலையில் பின்னேரமே காசு. கொம்பனியில் மாதக் கடைசியில்தான். இடையில் பஸ் காசு, மதியச் சாப்பாடு, சப்பாத்து, வீட்டில் நுண்கடன் தவணை. அறுவடை நேரம் வந்தால் வயல் கூப்பிடும், ஆள் போய்விடும். ஆகவே காலபோக அறுவடை வாரத்தில் யாரையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். முதல் மாதப் பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் மாதர் சங்க நிதியிலிருந்து வாரா வாரம் கைமாற்றாகக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் அது கடன்காரனிடம் போய்விடும். திருப்பி எடுப்பதை முதல் சம்பளத்தில் தொடங்காமல் இரண்டாவதில் தொடங்குங்கள்.

[காட்சி: சம்பளச் சீட்டு, நெருக்கமாக]

சம்பளச் சீட்டு வந்ததும் வாங்கிப் பாருங்கள். ஈ.பி.எஃப்.புக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடிப்பார்கள். முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் முதலாளியுடையதே. ஈ.பி.எஃப். கணக்குக்குரிய சம்பளம் 40,000 ரூபா என்றால் பிடிப்பது 3,200; முதலாளி போடுவது 4,800, அதோடு ஈ.ரி.எஃப். 1,200. இந்த 1,200ஐயும் பிள்ளையின் சம்பளத்தில் வெட்டியிருந்தால் அது பிழை. 'தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு போடுவோம்' என்பதும் செல்லாது, முதல் நாளிலிருந்தே போட வேண்டும். கேட்டும் போடாவிட்டால், சீட்டின் பிரதியோடு தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.