குழவி ஒரு வீட்டில், கிரைண்டர் ஒரு வீட்டில்

நடுவர் அவர்களுக்கும், கைதட்டக் காத்திருக்கும் முன்வரிசைக்கும், போண்டா தீர்ந்துவிட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் பின்வரிசைக்கும் வணக்கம்.

விவாகரத்து வேளையில் நல்ல முடிவெடுக்கக் கைகொடுப்பது சுற்றமா, ஆறிய மனமா? நான் ஆறிய மனத்தின் பக்கம். எதிரணித் தம்பி என்ன சொல்லிவிட்டுப் போனார்? "இந்த அணியே ஆறிப்போன சாம்பார், சீந்த ஆளில்லை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நன்றாக இருந்தது, நானும் தட்டினேன்.

ஆனால் தம்பி, கொதிக்கிற சாம்பாரை வாயில் ஊற்றிக்கொண்டவனிடம் போய் ருசி எப்படி என்று கேளுங்கள். நாக்கு இருந்தால் சொல்வான். அதையும் விடுங்கள். உங்கள் வீட்டு மீன்குழம்பு வைத்த அன்றைக்கு ருசியா, மறுநாள் ருசியா? பாருங்கள், தம்பியே தலையாட்டுகிறார்!

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்ட பிறகும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாகத் தம்பி மேசையைத் தட்டினார். சொன்னது உண்மை. யாருக்குச் சொன்னது? ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து, சமரசமும் பேசிப் பார்த்து, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் முடிவு செய்துவிட்டவர்களுக்கு. அதாவது, ஏற்கெனவே ஆறியவர்களுக்கு! நீங்கள் கூட்டிவந்த சாட்சி என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டதே தம்பி.

சரி, சுற்றத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. நகை, பாத்திரம், பையன் யாரிடம், எல்லாவற்றையும் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். பையன் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம். கையெழுத்துதான் பாக்கி. அப்போது பெண்ணின் பெரிய மாமா கேட்டார்: "கிரைண்டர்?"

சீர்வரிசையில் வந்த கிரைண்டர். மாப்பிள்ளை "எடுத்துக்கோங்க" என்று வாயைத் திறப்பதற்குள் அவருடைய சித்தப்பா முந்திக்கொண்டார். "மோட்டார் மாத்துனது நாங்க." மாமா, "கல்லு எங்க கல்லு." சித்தப்பா, "கரண்டு எங்க கரண்டு!" மாமா, "அதுல ஆட்டுன மாவுல தோசை தின்னது யாரு?" அந்தக் கேள்விக்குச் சித்தப்பாவிடம் பதில் இல்லை. தின்றது அவர்தான்!

சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்துக்குச் சந்தேகமில்லை, சித்தப்பாவுக்குத்தான் சந்தேகம். நாலு வாய்தா போனது. கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். மாமா குழவியை மட்டும் தூக்கி ஆட்டோவில் வைத்தார். இன்றைக்குக் குழவி இந்த வீட்டில், கிரைண்டர் அந்த வீட்டில், இரண்டு வீட்டிலும் பாக்கெட் மாவு! பின்வரிசைக்குக் கேட்டதா? குழவி இங்கே, கிரைண்டர் அங்கே, பாக்கெட் மாவு ரெண்டு பக்கமும்!

சிரித்துவிட்டோம். அந்த நாலு வாய்தாவுக்கும் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனார்கள் நடுவர் அவர்களே. ஒன்றாம் வகுப்பு. குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் சித்தப்பா, நடுவில் இவன். யாராவது பிஸ்கட் கொடுத்தால், வாங்கலாமா என்று முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பான், அப்புறம் அப்பா முகத்தைப் பார்ப்பான். இரண்டு பேரும் தலையாட்டினால்தான் கை நீட்டுவான்.

குழவி போன அன்றைக்கு அதே ஆட்டோவில்தான் அவனும் போனான். சீட்டில் உருளாமல் இருக்க, குழவியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா வாசல்வரை வந்தார். சண்டையில் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத மனுஷன். "கைய நசுக்கிக்காம புடிச்சுக்கடா கண்ணு" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.